படகுக் குளத்தின் கரை

கீழ்பென்னாத்தூர் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நானும் என் தம்பியும் ஒரு சிறிய விடுதி நடத்துகிறோம். சில அறைகள், ஒரு சாப்பாட்டுக் கூடம், பின்னால் ஒரு குளம். குளம் என்று சொல்கிறோமே தவிர, ஓர் ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி மறித்ததால் தேங்கிய தண்ணீர் அது. பாசனத்துக்கு அல்ல. நிலத்தின் பழைய சொந்தக்காரர் மீன் பிடித்துப் பொழுதுபோக்குவதற்காகப் போட்ட கரை. தம்பி அதில் மிதிபடகுகள் விட்டான். கரைமேல் நடைபாதை போட்டு, நிழலுக்கு மரங்களும் வளர்த்தான். காற்றில்லாத காலைகளில் எதிரே தெரியும் தீப மலை முழுதாகத் தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடக்கும். அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

கல்லூரியில் என்னோடு படித்தவள் ஒருத்தி அணைகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். ஒரு விடுமுறைக்கு எங்களிடம் வந்தாள். எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் காபி டம்ளரோடு கரையின் மறுபக்கம் இறங்கிப் போனாள்.

"இங்க எப்பவுமே ஈரமாதான் இருக்குமா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"ஆமா. கரைக்குக் கீழ இருக்கிற வீட்டு அக்கா அதுல கீரை போட்டிருக்காங்க."

"தெளிவா கசியற வரைக்கும் கவனிச்சிட்டு இருந்தா போதும். கலங்கலா வந்துச்சுன்னா, கரைக்குள்ள இருக்கிற மண்ணும் சேர்ந்து வருதுன்னு அர்த்தம். உடனே எனக்கு போன் பண்ணு."

உபரித் தண்ணீர் வெளியேறும் வழியில் மீன் போகாமலிருக்கத் தம்பி வலை கட்டியிருந்தான். அதில் சருகு சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. மழை வலுத்தால் தண்ணீர் கரையின் தலைமேல் ஏறி அதை அறுத்துவிடும் என்றாள். மரங்களின் வேரும் ஆகாது என்றாள். தம்பி மறுநாளே வலையை அவிழ்த்தான். மரங்களைத் தொடவில்லை. "மரமே இல்லாத கரையில யாரு அக்கா நடப்பாங்க?" என்று கேட்டான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஐப்பசி மழை அந்த ஆண்டு விடாமல் பெய்தது. குளம் நிரம்பி அழகாக இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு எல்லா அறைகளையும் முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். மலை உச்சியின் ஜோதியைத் தண்ணீரிலும் பார்க்கலாம் என்று தம்பி எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

ஒரு காலை குடையோடு கரைக்குக் கீழே இறங்கினேன். கசிவு ஓரிடத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வளையம் போல் வண்டல் படிந்திருந்தது. தண்ணீரை அள்ளிப் பார்த்தேன். அது விரலிடுக்கில் வழிந்த பிறகு உள்ளங்கையில் மண் தங்கியது.

தம்பியைக் கூப்பிட்டேன். "மழைத்தண்ணி கலந்திருக்கும்க்கா. களிமண் வெச்சு அடைச்சிடலாம்" என்றான். அதற்குள் நான் தோழிக்குப் போன் போட்டிருந்தேன்.

"அடைக்காதீங்க!" அவள் குரல் உயர்ந்தது. "அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கும். மேல மணல் போட்டு, அதுமேல ஜல்லி போடுங்க. தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது. குளத்துல தண்ணியக் கொறைங்க, ஆனா ஒரேயடியா எறக்கிடாதீங்க, உள்பக்கம் சரிஞ்சிடும். எல்லாத்துக்கும் மொதல்ல கீழ இருக்கிறவங்கள வெளிய கூட்டிட்டு வந்துடு. தாலுகா ஆபீஸுக்கும் சொல்லு. நான் கெளம்பறேன்."

"தீபத்துக்கு வர்றவங்களுக்கு சேத்தையா காட்டறது?" என்றான் தம்பி.

"கீழ வீடு இருக்குடா."

அவன் திரும்பிப் பார்த்தான். அந்த ஓட்டு வீட்டிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கும் இன்ஜினைக் கொண்டுவரப் போனான்.

கீழ் வீட்டு அக்காவுக்கு என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. "இத்தினி வருஷமா ஒண்ணும் ஆவல. இப்ப மட்டும் இன்னாம்மா?"

"ஒண்ணும் ஆகாமலே போகலாம்க்கா. ஆனா நீங்க இங்க இருந்தா என்னால நிம்மதியா இருக்க முடியாது."

அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தார். "அப்படின்னா ஆடுங்களையும் இட்டாரணும்" என்றார்.

இப்படித்தான் எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் ஆடுகள் குடியேறின. அக்காவும் அவர் கணவரும் ஓர் அறையில் தங்கினார்கள். தோழி சாயங்காலமே வந்து சேர்ந்தாள். மணலும் ஜல்லியும் போட்டபின் கசிவு மெல்ல மெல்லத் தெளிந்தது. குளம் நாளுக்குக் கொஞ்சமாக இறங்கியது. தீபத்துக்கு வர இருந்தவர்களில் பாதிப்பேர் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்கள் மாடியில் நின்று கும்பிட்டார்கள்.

தண்ணீர் இறங்கியதும் கரையின் உள்பக்கத்தில் ஒரு பொந்து வெளிப்பட்டது. எப்போதோ வெட்டிய மரத்தின் வேர் மட்கிப்போன பாதை அது என்றாள் தோழி. தம்பி அதற்குள் கையை விட்டான். தோள்வரை போயும் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கையை உருவிக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

கரை உடையவில்லை. அதனால் ஊரில் பலர், வீணாகப் பயந்து நல்ல தண்ணீரை வெளியே விட்டுவிட்டோம் என்றார்கள். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியதுண்டு. "ஒண்ணும் பண்ணாம விட்டிருந்தா கரை உடைஞ்சிருக்குமா?" என்று தோழியிடமே கேட்டேன்.

"தெரியாது. நின்னிருக்கவும் கூடும்" என்றாள்.

அந்தப் பதில் முதலில் ஏமாற்றமாக இருந்தது. உடைந்த கரையை எல்லோரும் வந்து பார்ப்பார்கள். உடையாத கரையில் பார்க்க ஒன்றுமில்லை. நாம் செய்தது சரிதான் என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடைக்காது. ஒன்றும் செய்யாமல் விட்டுக் கரை உடைந்து சாட்சி கிடைத்திருந்தால், அதைச் சொல்ல அக்கா இருந்திருக்க மாட்டார். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

கோடையில் மரங்களை எடுத்து, பொந்து இருந்த பகுதியைத் தோண்டி, களிமண்ணை அடுக்கடுக்காக இறுக்கிக் கரையைத் திரும்பப் போட்டோம், முன்பைவிடத் தாழ்வாக. குளம் சிறியதாகிவிட்டது. படகுகள் பாதி விற்றுப்போயின.

இப்போதெல்லாம் மழை வலுத்தால், தன் வீட்டுக்கே திரும்பிவிட்ட அக்காவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "கர எப்படி கீது?" அவ்வளவுதான். தம்பிதான் எடுப்பான். "இருங்க, பாத்துட்டு சொல்றேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு மழையில் இறங்குவான். பார்க்காமல் அவன் பதில் சொன்னதே இல்லை.