லக்சம்பேர்க் மாதாவுக்கு ஒரு சேலை

லக்சம்பேர்க் பேராலயத்தின் வரலாற்றை நான் தலைகீழாகச் சொல்வேன். ஆனால் அதன் வாசலை மிதித்ததில்லை. தொண்ணூறுகளில், லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலிருந்து எங்கள் கோயில் பங்குத் தமிழ்ச் சனம் பஸ் பிடித்து அங்கே யாத்திரை போகும். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த எனக்குக் கடல் தாண்ட பாஸ்போட் இல்லை. "வர ஏலாட்டில் சரித்திரத்தையாவது வாசியும்" என்று பங்குக் குருவான சுவாமி அந்தக் கோயிலைப் பற்றிய ஒரு கையேட்டைத் தந்தார். அந்தப் பகிடிக்கு அவர் மட்டும்தான் சிரித்தார்.

எரிச்சலோடுதான் வாசித்தேன். இயேசு சபைக் குருக்கள் கட்டிய கோயில் அது. பேராலயம் என்ற பட்டமெல்லாம் வெகு காலம் கழித்து வந்தது. மாதா சொரூபம் முதலில் அங்கே இருக்கவேயில்லை. நகர மதிலுக்கு வெளியே ஒரு சிற்றாலயத்தில் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சண்டையில் சொரூபத்தை மதிலுக்குள்ளே தூக்கி வந்தார்கள். சிற்றாலயம் அழிந்துபோனது. அவள் திரும்பிப் போகவில்லை. அவளுக்குப் பெயர் 'கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவு', அதாவது துன்பப்படுகிறவர்களுக்கு ஆறுதல். மன்னாரில் மாலைச் செபத்தில் அம்மா இழுத்து இழுத்துச் சொல்லும் அதே பெயர். மடு மாதாவையும் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிய சனம்தானே நாங்கள். அதன் பிறகு எரிச்சல் போய்விட்டது.

அம்மா அப்போது சண்டைக்குப் பயந்து ஓடி, மடுக் கோயில் வளவில் ஒரு கொட்டிலில் இருந்தாள். கட்டிய சேலையோடு வந்துவிட்டதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். அவளுக்கென்று லண்டன் டூட்டிங் கடையொன்றில் ஒரு நூல் சேலை வாங்கினேன். அனுப்ப வழியில்லை, சண்டையால் மடுப் பாதை பூட்டு. அம்மாவைக் காப்பாற்று என்று அந்தச் சேலையை லக்சம்பேர்க் மாதாவுக்கே நேர்ந்து, பாஸ்போட் வைத்திருந்த என் அக்கா யாத்திரை போனபோது அவளிடம் கொடுத்துவிட்டேன். ஊரில் நேர்த்திச் சேலையை மாதாவுக்குச் சாத்துவார்கள்; பிறகு இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். உலகத்து மாதாக்கள் எல்லோரும் சேலை கட்டுவார்கள் என்று நினைத்த மடையன் நான்.

அக்கா சேலையோடு திரும்பி வந்தாள்.

"அவையள் வாங்கேல்லையடா தம்பி. மாதாவுக்கெண்டு சரிகை அங்கியள் அலுமாரி நிறைய இருக்காம். கோயில்காரன் நல்ல மனுசன்தான். சிரிச்சுக்கொண்டே ஏலாதெண்டிட்டான்."

"காலடியிலயாவது வைச்சிருக்கலாமே?"

"கேட்டனான். அதுவும் ஏலாதாம்."

அக்காவோடு வாய்க்கு வந்தபடி சண்டை பிடித்தேன். அவள்தான் என்ன செய்வாள்?

சில கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மா காய்ச்சலில் போய்விட்டாள், மருந்து இருக்கவில்லை, அடக்கமும் முடிந்துவிட்டது. மாமா தொடர்ந்தார்.

"மாத்திக் கட்ட ஒண்டும் இருக்கேல்லை மருமோன். மாதாவுக்கு ஆரோ நேர்ந்து சாத்தின சீலையைத்தான் மடுச் சுவாமி எடுத்துக் குடுத்தவர். அதைக் கட்டித்தான் தாட்டவை."

யார் நேர்ந்த சேலையோ தெரியாது. நான் வாங்கியது அக்கா வீட்டு அலுமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.