நாலரைக் கிலோ பெட்டியோடு மக்காவுக்கு

1993, ஏப்ரல் 17, சனிக்கிழமை. காலை பத்தரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் இராஜபாளையம் பஸ் ஏறினேன். பதினொரு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். ஹஜ் பயணத்தைப் பற்றி எழுத வந்தவன் இராஜபாளையத்தில் ஆரம்பிக்கிறானே என்று படிப்பவர்களுக்குத் தோன்றலாம். எங்கள் பயணம் அங்கேதான் ஆரம்பித்தது. அங்கேயே முடிந்துபோகவும் பார்த்தது.

என் மனைவி மைமூனுக்குப் பத்து வருடமாக ஆஸ்துமா. மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக அனுப்பும் ஒரு சிறு மிஷினை மதுரையில் வாங்கி வைத்திருந்தோம். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் அவளுக்குப் பொழுது ஓடும். ஹஜ் பயணிகள் பட்டியலில் எங்கள் பெயர் வந்ததும், போகவே கூடாது என்று அவளுடைய அண்ணன் குதித்தார். டாக்டர் மட்டும், மிஷினும் கூடப் போக வேண்டும், அங்கே அது ஓட வேண்டும், இரண்டும் உறுதியானால் போகலாம் என்றார். மைமூன் அதைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு வயதிலிருந்து இறைவனிடம் அவள் கேட்டுவந்த துஆ அது. மிஷின் ஓடாவிட்டால் நான் தனியாகப் போக வேண்டும், அவள் வாசலில் நின்று வழியனுப்ப வேண்டும்.

ஜித்தாவில் வேலை பார்க்கும் அவளுடைய அத்தை மகன் கடிதம் போட்டிருந்தார். நம் ஊரில் இருநூற்று முப்பது வோல்ட், அங்கே பழைய கட்டிடங்களில் நூற்றிருபத்தேழுதான். பிளக் துளையும் ஒரே மாதிரி இருக்காது. சில இடத்தில் தட்டையாக இரண்டு, சில இடத்தில் சதுரமாக மூன்று, சில இடத்தில் உருண்டையாக இரண்டு. இதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் அடாப்டர் மூன்று வகையிலும் ஒவ்வொன்று வாங்கினேன், மொத்தம் நூற்றிருபது ரூபாய். வேலை முடிந்தது என்று கிளம்பினேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். காசை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்காமல், என்ன சாமானுக்கு என்று விசாரித்தார். சொன்னதும் தலையை ஆட்டினார். அடாப்டர் துளைக்கு ஏற்றபடி பின்னை மாற்றுமே தவிர, கரண்டை மாற்றாது. நூற்றிருபத்தேழை இருநூற்று முப்பதாக ஏற்ற தனியாக டிரான்ஸ்பார்மர் வேண்டும். கடையில் கிடைக்கிற சின்னச் சின்னப் பெட்டிகளை மோட்டார் வைத்த மிஷினுக்கு நம்ப முடியாது என்றார். முடங்கியாறு சாலையில் குருசாமி என்பவரின் வைண்டிங் கடைக்கு வழியும் சொல்லி அனுப்பினார்.

குருசாமிக்கு நாற்பது வயதிருக்கும். மில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். மிஷின் அடியில் ஒட்டியிருந்த தகட்டில் உள்ளதை நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்துப் பார்த்து, அறுநூற்றைம்பது ரூபாய், பன்னிரண்டு நாள் என்றார். பேரம் பேசினேன். அசையவில்லை.

ஏப்ரல் 29, வியாழக்கிழமை. என் கடையை அடைத்துவிட்டு குருசாமியிடம் போய்ச் சேர மாலை ஆறரை ஆகிவிட்டது. பெட்டி தயாராக இருந்தது. நாலரைக் கிலோ எடை, சாம்பல் பெயிண்ட், தூக்க ஒரு கைப்பிடி. நூற்றிருபத்தேழு நம் ஊரில் ஏது? குருசாமி தன்னிடமிருந்த இன்னொரு டிரான்ஸ்பார்மரால் நம் கரண்டைக் குறைத்து, அதை இந்தப் பெட்டிக்குள் விட்டு, வெளியே வருவதை மீட்டரில் காட்டினார். முள் நூற்று எண்பதில் நின்றது.

நான் பாத்திரக் கடைக்காரன். இருபத்தெட்டு வருடம் பித்தளையையும் செம்பையும் நிறுத்து விற்றவன். முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. இருநூற்று முப்பது கேட்டேன், நூற்று எண்பது தருகிறீர்களே என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்:

"பாய், இப்ப மில்லு பூரா ஓடுது, பம்ப்செட்டும் ஓடுது. இங்க உள்ள வாரதே நூத்தியெம்பதுதான். அதான் வெளியயும் அம்புட்டு வருது. சுத்து கணக்கு சரியா இருக்கு."

எனக்குக் கணக்கு வேண்டாம், முள் வேண்டும் என்றேன். அறுநூற்றைம்பது கொடுப்பவன் நான் என்றும் சொன்னேன். இப்போது எழுதும்போது கூசுகிறது, அன்று கூசவில்லை. குருசாமி கம்பியை எடுத்து மேலும் சில சுற்றுகள் சுற்றினார். முள் இருநூற்று முப்பதுக்கு வந்தது. சனிக்கிழமை மிஷினையும் வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள், போட்டுப் பார்த்தே எடுத்துப் போகலாம் என்றார். வெற்றி பெற்றவனாக வீட்டுக்கு வந்தேன்.

மே 1, சனிக்கிழமை. மிஷினை மடியில் வைத்துக்கொண்டு மைமூன் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மே தினம், ஒரு மில்லும் ஓடவில்லை. சங்குச் சத்தம் இல்லாத இராஜபாளையத்தை அன்றுதான் கேட்டேன். குருசாமி கடை மட்டும் திறந்திருந்தது. மில் லீவு நாளில்தான் மோட்டார்கள் பழுது பார்க்க வரும் என்பதால் அவருக்குக் கை ஓயாத வேலை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, இதோ வருகிறேன் என்று ஒரு மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் எதற்கும் பொறுமை கிடையாதே. நானே பெட்டியை எடுத்து வைத்து, மிஷினின் பிளக்கைச் செருகப் போனேன்.

மைமூன் என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, இருங்க. காலையில மிஷினு போட்டேன்ல, சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. இன்னைக்குக் கரண்ட் கூடுதலா வருது. மொதல்ல ஒரு குண்டு பல்ப மாட்டிப் பாருங்க."

உனக்கு என்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் குருசாமி எழுந்து வந்து, அம்மா சொல்வதுதான் சரி என்று அறுபது வாட் பல்பு ஒன்றைப் பெட்டியில் மாட்டி சுவிட்சைத் தட்டினார். பல்பு கண் கூசும்படி வெள்ளையாக எரிந்தது. மூன்று எண்ணுவதற்குள் பட்டென்று வெடித்து அணைந்தது. மீட்டர் முள் முந்நூறைத் தாண்டி நின்றது. மில் ஓடாததால் உள்ளே வந்த கரண்டே கூடியிருந்தது, நான் கேட்டு வாங்கிய சுற்றுகள் அதை இன்னும் ஏற்றிவிட்டன.

அந்தப் பல்பு இருந்த இடத்தில் மிஷின் இருந்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். வேறு மிஷின் வாங்க நாளும் இல்லை, என்னிடம் அவ்வளவு பணமும் இல்லை. மைமூன் மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தாள். திட்டியிருக்கலாம்.

குருசாமி பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த டேப்பை உரித்தார். மிஷினுக்குப் போகும் இரண்டு கம்பிகளுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கம்பி மடங்கிக் கிடந்தது.

"மொதல்ல சரியாச் சுத்துனது இதுதான், வெட்டாம வச்சிருந்தேன். சொன்னா நீங்க கேக்கப் போறதில்ல. போட்டுக் காட்டிட்டுப் பொறவு மாத்திக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீக."

கம்பியை மாற்றினார். அடுத்த பல்பு ஒழுங்காக எரிந்தது. பிறகு மைமூன் அந்தக் கடையிலேயே, எண்ணெயும் வார்னிஷும் மணக்கும் இரும்புக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து முகமூடியை வைத்துக்கொண்டாள். பத்து நிமிடம் மிஷின் ஓடியது. கரண்டின் துடிப்பு நம் ஊரில் நொடிக்கு ஐம்பது, அங்கே அறுபது, அதை எந்தப் பெட்டியாலும் மாற்ற முடியாது, சத்தம் கொஞ்சம் கீச்சென்று கேட்கும், பயப்பட வேண்டாம் என்று குருசாமி அவளிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

மே 9, ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். மதுரை, மெட்ராஸ், பம்பாய், ஜித்தா. பெட்டிக்கு எடை ஒதுக்க வேண்டி மைமூன் தன் புடவைகளில் நான்கை எடுத்து வெளியே வைத்தாள். பம்பாய் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, இது என்ன என்று இந்தியில் கேட்டார். நான் மைமூனின் மூச்சைக் காட்டி விளக்கினேன். போகச் சொல்லிவிட்டார்.

மக்காவில் நாலாவது மாடி, எட்டுப் பேருக்கு ஓர் அறை. ஒரு மூலையில் புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டோம். சுவரில் தட்டையான இரண்டு துளை. நாற்பது ரூபாய் அடாப்டர் சரியாகப் பொருந்தியது. கஅபாவைச் சுற்றிவரும் முதல் தவாப் முடிந்து அறைக்கு வந்தபோது மாலைத் தொழுகை நேரம் கடந்திருந்தது. கூட்டத்திலும் தூசியிலும் மைமூனுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. என் கை சுவிட்சுக்குப் போகாமல் நின்றது. அவளே தட்டினாள். மிஷின் கீச்சென்ற குரலில் ஓடியது. முகமூடியில் ஆவி வெள்ளையாக நிறைந்தது. பத்தே நிமிடத்தில் தோள்கள் இறங்கி, மூச்சு சீராகி, அவள் கண்ணைத் திறந்தாள்.

"சாயங்காலத்துல ஆவி இம்புட்டு வாரது இதுதாங்க மொத தடவ," என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை, அதிசயப்பட்டுத்தான் சொன்னாள். எனக்குத்தான் அப்போது உறைத்தது. ஊரில் மாலை நேரத்தில் மிஷின் சரியாக வரவில்லை என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் மூச்சு பத்தவில்லை என்று ஒவ்வொரு முறையும் வாயை அடைத்திருக்கிறேன். நூற்று எண்பது வோல்ட்டில் அந்தப் பம்ப் என்ன செய்யும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. எத்தனையோ மாலைகளை அவள் பாதி மருந்தோடு கழித்திருக்கிறாள். அதே வீட்டில், அதே நேரத்தில், படம் சுருங்கக் கூடாது என்று டிவிக்கு மட்டும் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டியிருந்தவன் நான்.

ஹஜ் நல்லபடியாக நிறைவேறியது. ஹஜ் நாட்களில் தங்கும், கரண்ட் இல்லாத மினாக் கூடாரங்களில் வாயில் அடிக்கும் மருந்தை வைத்துச் சமாளித்தாள். மக்காவில் மின்சாரம் காலையும் மாலையும் ஒரே அளவில் வந்தது. நம் ஊரில் அப்படி வர இன்னும் நாளாகும்.

ஜூன் மாதம் ஊர் திரும்பினோம். வழியனுப்பியவர்களெல்லாம் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீருக்கு வந்து போன பிறகு, அன்று மாலையே டிவியிலிருந்து ஸ்டெபிலைசரைக் கழற்றி மைமூனின் மிஷினுக்கு மாட்டினேன். ஆறரை மணிக்கு டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் நின்றது. பக்கத்தில் மைமூனின் மிஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.