காரும் குடிக்கும் தண்ணீரும்

கார் திருத்தும் கராச்சில் என் பழைய காரின் ரேடியேற்றரைக் கழற்றினார்கள். துருவும் சூடான தண்ணீரும் கலந்த மணம் வந்தது. பக்கத்தில் அம்மா கதிரையில் இருந்தார். நான் எண்பதுகளின் வேலணைத் தீவுக்கு, அப்பாவின் ஒஸ்ரின் காரடிக்குப் போய்விட்டேன்.

எங்கள் கிணறு உவர். குடிதண்ணீர் சாட்டிக் கடற்கரையின் நன்னீர்க் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாயில் வரும். அதில் முதல் வாளி காருக்குத்தான் என்பது அப்பாவின் சட்டம். உவர்த்தண்ணீர் ரேடியேற்றரை அரித்துவிடுமாம். ஊற்றுவது அம்மாவின் வேலை. அப்படியிருந்தும் அடுத்த வண்டி வரும்வரை எங்கள் தேநீர் ஒருநாளும் உப்புக் கரித்ததில்லை.

ஒருநாள் ரேடியேற்றர் ஒழுகியது. வீட்டுக்கு வந்த மெக்கானிக் அதன் உள்ளே சுரண்டி வெள்ளைப் பொருக்கைக் காட்டினார்.

"அண்ணை, உவர்த்தண்ணியே விட்டனீங்கள்?"

"சாட்டித் தண்ணி மட்டுந்தான்!" என்ற அப்பா, குசினிப் பக்கம் திரும்பினார். "இஞ்சேரும், காருக்கு எந்தத் தண்ணி விட்டனீர்?"

"கிணத்துத் தண்ணி," என்றார் அம்மா, அடுப்பை ஊதியபடி. "கார் தேத்தண்ணி குடிக்கிறேல்லையே."

அப்பா கையிலிருந்த தேநீரைப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

இப்போது கராச்சில், புது ரேடியேற்றரைப் பூட்டிய பொடியன் தண்ணீருக்குப் பதிலாக விடும் பச்சை நிறக் கூலன்ட்டை எடுத்தான். அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது குடிக்கிறதோ?"

"இல்லையம்மா."

"அப்ப நிறைய விடும்."