பின்வரிசையிலிருந்து ஒரு சொல்

இதயத்தைப் பற்றிய பாடத்தை நசீமுன்னிசா ஒரு வியாழக்கிழமை காலை நடத்தினாள். அன்று மதியமே அதைக் குழம்பும் வைத்தாள். கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய ஆட்டு இதயம். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, கத்தியால் நீளவாக்கில் பிளந்து, மூன்று பிள்ளைகளையும் சுற்றி உட்காரவைத்தாள். மூத்தவள் சஹர் உள்ளே விரலை விட்டு அறைகளை எண்ணினாள். அடுத்தவன் சமீருல்லா மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். கடைக்குட்டி ஆயிஷாவுக்கு இறைநம்பிக்கையைப் பற்றி வேறொரு சந்தேகம்.

"அம்மி, இதுல ஈமான் எந்த ரூம்ல இருக்கும்?"

"இது ஆடு. ஆட்டுக்கு அந்தக் கேள்வியெல்லாம் கிடையாது" என்றாள் நசீமா.

அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இருந்திருக்கலாம். ஆனால் அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

ஆம்பூரில் அவர்கள் குடியிருந்த சந்தில் அந்த வீட்டை எல்லோரும் பள்ளிக்கூடம் என்றே சொன்னார்கள். கேலியாகத்தான். நசீமாவின் கணவர் தன்சீல் அகமது ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். நசீமா விலங்கியல் பட்டம் வாங்கியவள், வேலைக்குப் போனதில்லை. கொரோனாவில் பள்ளிகளை மூடியபோது சஹர் நாலாம் வகுப்பில் இருந்தாள். சும்மா இருக்கிற நாட்களில் பிள்ளைகள் குர்ஆனை மனப்பாடம் செய்யட்டுமே என்று வீட்டில் தொடங்கினார்கள். பள்ளிகள் திறந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. பாதியில் விட்டால் முன்னே படித்ததும் கரைந்துபோகும். அதனால் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். முடிந்தது. அப்போதும் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஒரு முடிவை எடுக்காமலே அதற்குள் குடிபோய்விடுவது மனிதர்களுக்குப் பழக்கம்தான்.

வீட்டுப் படிப்பு என்றால் வெளியே நினைப்பதுபோல அமைதியான காரியமல்ல. விடிகாலை ஃபஜர் தொழுகை முடிந்ததும் ஓதல், பிறகு காலை நாஷ்தா, பிறகு கணக்கு, அறிவியல், தமிழ். இது திட்டம். நடப்பது வேறு. விருந்தாளி வந்தால் கணக்கு கிடையாது. கல்யாண மாதங்களில் தமிழும் கிடையாது. பின்னம் வருகிற நாட்களில் சமீர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். நசீமா கத்துவாள். கத்திவிட்டு மதியம் லுஹர் தொழுகைக்கு நிற்கும்போது தன் குரலே காதில் திரும்பக் கேட்டு வெட்கப்படுவாள். ஒருமுறை சஹர் நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தாள். காரணத்தைத் துருவித் துருவிக் கேட்டபோது சொன்னாள்: "எனக்கு சண்ட போடக்கூட ஆளு இல்ல அம்மி. சமீர்கூட எவ்ளோதான் போடறது?"



தன்சீலின் அக்கா கமருன்னிசா வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். சந்தேகங்களைச் சுற்றிவளைத்துச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"கோழி அடகாக்கற மாதிரி உக்காந்திருக்க நசீமா. குஞ்சு பொரிஞ்சி ரொம்ப நாளாச்சு. நீதான் இன்னும் எழுந்திருக்கல."

இருந்தும் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவிருக்கவில்லை. எல்லாவற்றையும் உரக்கப் படித்தார்கள். குர்ஆனை ஆடி ஆடி ஓதிய பழக்கத்தில் தனிம வரிசையையும் ஆடி ஆடியே ஒப்பித்தார்கள். ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் எடுத்துக் கொடுத்தார். இதற்கு லுக்மா என்று பெயர். கவளம் என்று பொருள். ரமலான் இரவுத் தொழுகையில் முன்னால் நின்று ஓதுகிறவர் ஒரு சொல்லில் தடுக்கினால், பின்வரிசையில் அது தெரிந்தவர் உடனே சொல்லித் தர வேண்டும். தெரிந்தும் வாய்மூடி நிற்பது மரியாதை ஆகாது, குற்றம். இந்த ஒழுங்கு சஹர் வீட்டில் தொழுகையிலிருந்து பெருக்கல் வாய்பாட்டுக்கும், வாய்பாட்டிலிருந்து உயிரியலுக்கும் மெல்லப் பரவியிருந்தது. சமையலறையிலிருந்து அம்மா, மாடிப்படியிலிருந்து தம்பி, சில நாள் கழிவறைக்குள்ளிருந்துகூட ஒரு குரல் விட்ட சொல்லை நிரப்பிவிடும். அந்த வீட்டில் அறிவுக்குத் தனிச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. அது அழகான ஏற்பாடு. அதன் குறை என்ன என்று வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரிய வழியும் இல்லை.

பத்தாம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதி சஹர் சுமாரான மதிப்பெண்ணில் தேறினாள். முடிவு வந்த அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள்:

"லெவன்த் நான் ஸ்கூல்ல படிக்கறேன். சயின்ஸ் குரூப்பு. எனக்கு மைக்ராஸ்கோப்புல பாக்கணும்."

தன்சீல் மனைவியைப் பார்த்தார். நசீமா குழம்புக் கரண்டியைப் பார்த்தாள்.

"பாக்கட்டும்" என்றாள் கடைசியில். "நம்ம வீட்ல அது மட்டும்தான் இல்ல."

சொல்வது எளிதாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அறிவியல் பிரிவில் சில இடங்களே மிச்சமிருந்தன. நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத்தான் எடுப்பார்கள். கமருன்னிசாவுக்குச் செய்தி போனதும் அவள் தன் தம்பியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: இடம் கிடைக்காவிட்டால் இந்த வீட்டுப் பள்ளிக்கூட வேடிக்கை போதும், சின்னது இரண்டையும் ஜூன் மாதமே எங்கேயாவது சேர்த்துவிட வேண்டும், பெரியவள் தையல் படிக்கட்டும். தன்சீல் மறுத்துப் பேசவில்லை. அவர் கெட்டவர் அல்ல. அவருக்கே சந்தேகம் இருந்தது. ஆக, அந்த அறைக்குள் சஹர் சொல்லப்போகும் பதில்களில் நசீமாவின் இத்தனை வருடங்களும் தராசில் ஏறப்போகின்றன. நசீமா அதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் உப்புக் குறைவாகச் சமைத்தாள்.

நேர்காணலன்று சின்னவர்களைக் கமருன்னிசாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் மகளும் போனார்கள். நீளமான வகுப்பறை. முன்பெஞ்சில் ஐந்து பெண்கள். அம்மாக்கள் பின்னால் சுவரோரம். கமலம் என்ற உயிரியல் ஆசிரியை கரும்பலகை அருகே நின்று கேள்வி கேட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். சிரிப்பதைச் செலவாக நினைப்பவர்போலத் தெரிந்தார்.

சஹருக்குப் பக்கத்தில் நந்தினி என்ற பெண். அவளிடம் முதல் கேள்வி.

"காயம் பட்டா ரத்தம் உறையறதுக்கு எது உதவுது?"

"ரத்த… ரத்த…" என்றாள் நந்தினி. உதட்டைக் கடித்தாள்.

"தட்டுகள்" என்றாள் சஹர், அன்போடு.

கமலம் திரும்பினார். "உன்ன கேட்டேனா?"

"இல்ல டீச்சர்."

"கேட்டா சொல்லு."

அடுத்த பெண்ணிடம் வேறொரு கேள்வி. அந்தப் பெண் தடுமாறிய மூன்றாவது விநாடியில் சஹரின் வாயிலிருந்து விடை வந்து விழுந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது நசீமாவுக்குத் தெரியும். தும்மலை அடக்கச் சொன்னால் எப்படி அடக்குவது?

"இன்னா பழக்கம் இது? எழுந்திரு. நீயே வா முன்னாடி" என்றார் கமலம். சுவரில் இதயத்தின் படம் மாட்டியிருந்தது. "நுரையீரல்லேர்ந்து சுத்தமான ரத்தம் வந்து சேர்ற அறைய தொட்டுக் காட்டு."

சஹர் படத்தருகே போனாள். கையில் எடுத்துப் பார்த்த இதயம் வேறு, சுவரில் முகம் பார்த்து நிற்கும் இதயம் வேறு. இடது வலதாக இருந்தது. விரல் படத்தின் முன்னால் நின்றுவிட்டது. பிறகு அவள் செய்தது அந்தப் பள்ளியில் அதற்கு முன்பு யாரும் செய்திராதது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் முன்பெஞ்சின் பக்கம் திரும்பி, யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தாள். பெண்கள் அவளையே பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சஹரின் முகத்தில் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. இவர்களுக்குத் தெரியாதா, இல்லை தெரிந்தும் சொல்லவில்லையா?

"இடது ஆரிக்கிள்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "படத்துல வலது பக்கம்."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நசீமாவும் யார் சொன்னது என்று திரும்பப் போனாள். சொன்னது தான்தான் என்பது அதற்குள் புரிந்துவிட்டது.

கமலம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நீங்களும் லெவன்த்துக்கு அப்ளை பண்ணியிருக்கீங்களா?"

"இல்லீங்க டீச்சர். மன்னிச்சுக்கோங்க. வாய் தானா வந்துருச்சு."

"ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க."

நடைக்கூடத்தில் வேப்பமர நிழல் விழுந்திருந்தது. மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். ஆறு வருடத்தையும் ஒரே சொல்லில் தொலைத்துவிட்டேன் என்று நசீமா நினைத்தாள். அதுவும் சரியான சொல்.

"நீங்க ஏன் அம்மி சொன்னீங்க?"

"நீ ஏன் திரும்பிப் பாத்த?"

சஹருக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நசீமா கையைப் பிடித்தாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் துப்பட்டா முனையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்கள். உள்ளே கேள்விகள் தொடர்ந்தன.

மற்ற நால்வரும் அம்மாக்களோடு வெளியே வந்தார்கள். நந்தினியின் அம்மா ஜெயம்மாள், தோல் கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தவள், நசீமாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க பொண்ணு எம்பொண்ணுக்கும் சேத்து பதில் சொல்லிடுச்சு. நியாயமா பாத்தா அதுக்கு ரெண்டு சீட்டு குடுக்கணும்."

"ஒண்ணே கெடைக்குமோ கெடைக்காதோ" என்றாள் நசீமா.

"எங்கங்க படிச்சிது?"

"வீட்லதான்."

"அதான பாத்தேன். வீட்ல மத்தவங்க தட்டுல கை வெச்சா யாரும் திட்ட மாட்டாங்க."

நசீமா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதைவிடச் சரியாக யாரும் அந்த வீட்டை விளக்கியதில்லை.

கதவு திறந்தது. "அந்தப் பொண்ணு மட்டும் வரட்டும்" என்றார் கமலம். "அம்மா வேணாம்."

சஹர் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நசீமா காது கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மகள் என்ன கேட்கப்படுகிறாள், எங்கே தடுமாறுகிறாள், எதைத் தப்பாகச் சொல்கிறாள், எதுவும் தெரியவில்லை. சஹர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு விடையும் இதுவரை அவள் காதைக் கடந்துதான் போயிருக்கிறது. வாய் தன்னையறியாமல் அசைந்தது. துஆ ஓதுகிறாளா, விடை சொல்கிறாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல் எப்போது நம்முடையதாகிறது? கேட்ட உடனேயா, அதைக் கொடுத்தவர் இல்லாத இடத்திலா? இதைப் பிள்ளைகளிடம் ஒருநாளும் கேட்காமல் விட்டது நசீமாவின் தவறு. பெரிய தவறு என்றும் சொல்ல முடியாது. தன் பாடத்தின் நடுவே உட்கார்ந்திருக்கிற ஆசிரியருக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரிவதில்லை.

கமலம் கதவைத் திறந்தபோது முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. சஹர் அவர் பின்னாலேயே வெளியே வந்தாள்.

"நாலு கேள்வி கேட்டேன். ரெண்டுக்கு தெரியாதுன்னா. அந்த வார்த்தைய சொல்றதுக்கே ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டா, இதுக்கு முன்ன சொன்னதே இல்லாத மாதிரி. மூணாவது தப்பு."

நசீமா தலையசைத்தாள்.

"நாலாவது, மலை மேல வாழறவங்களுக்கு ரத்தத்துல சிவப்பணு ஏன் அதிகம்னு கேட்டேன். சுவத்த பாத்துட்டு நின்னா. அப்புறம் சொன்னா, அங்க காத்து கம்மி, அதனால தூக்கிட்டுப் போற ஆளு ஜாஸ்தி வேணும்னு." கமலம் நசீமாவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

நசீமா நினைத்துப் பார்த்தாள். கூடம், சமையலறை, மாடிப்படி, எல்லா இடத்திலும் தேடினாள். அவள் அதைச் சொல்லித் தந்ததே இல்லை.

"இல்லீங்க டீச்சர்."

அதைச் சொன்னபோது நெஞ்சில் ஏறிய சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது.

"அந்த ஒண்ணுக்காக சீட்டு தர்றேன். வகுப்புல வாய அடக்கிக்கணும். நந்தினிக்கும் சேத்துத்தான் சொல்றேன், அவளும் வர்றா. ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெக்க மாட்டேன்."

ஜெயம்மாள் மகளின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அவளுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நந்தினி சஹரின் கையைப் பிடித்து, "வா, லேப் அந்தப் பக்கம் இருக்குது, ஜன்னல் வழியா பாக்கலாம்" என்றாள்.

"இப்ப சொல்லு, ரத்தம் உறையறதுக்கு எது?" என்றாள் சஹர்.

"தெரியும், போ" என்றாள் நந்தினி. அதிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. நல்ல சண்டையாகத்தான் இருந்தது; இருவர் குரலும் நடைக்கூடத்தின் கோடி வரை கேட்டது.

"சஹர், நேரமாச்சு" என்று கூப்பிட்டாள் நசீமா.

"நீங்க போங்க அம்மி. நான் வர்றேன்."

அவள் திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை.  நசீமா கேட்டைத் தாண்டித் தனியாக நடந்தாள். பேக்கரியில் இரண்டு பாக்கெட் கேக் வாங்கினாள், ஒன்று நாத்தனாருக்கு. அதை அவள் கையில் கொடுத்து ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தாள். வெயிலில் நின்று தன்சீலுக்குப் போன் போட்டாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுகளின் சத்தம்.

"இன்னா ஆச்சு நசீமா?"

"கெடச்சிருச்சுங்க."

அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். பக்கத்தில் யாரிடமோ சொல்வதும் கேட்டது. "அவகிட்ட குடு, நான் பேசறேன்."

"அவ எங்கூட இல்லீங்க."

"எங்க போனா?"

நசீமா பள்ளியின் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல இருக்கா" என்றாள்.