எட்டு எழுத்துப் பூட்டு

பாஸ்வர்ட் மறந்தவர்களுக்குப் புதுப் பாஸ்வர்ட் போட்டுக் கொடுக்கிறவனுக்கு நன்றி சொன்னவர் எவரும் கிடையாது. திட்டு மட்டும் தினமும் உண்டு. உங்கள் ஆபீஸிலும் என்னைப் போல ஒருத்தன் மூலையில் உட்கார்ந்திருப்பான், பாவம். என் மூலை கோலசிலாங்கூரில், ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை ஆபீஸில். ஏர்கோன் அறைக்குள் ஒரு பழைய பெரிய கம்ப்யூட்டர், மெயின்பிரேம் என்பார்கள். எந்தத் தோட்டத்தில் யார் வேலை செய்கிறார்கள், எந்த லயத்து வரிசை வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எல்லாம் அதற்குள்தான்.

சாமிக்கு இடமில்லை

அந்தப் பெட்டி எட்டு எழுத்துக்கு மேல் பாஸ்வர்ட் வாங்காது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசமும் அதற்குத் தெரியாது. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கிளார்க்காக, இருக்கும் பரமேஸ்வரி அக்கா, ஒவ்வொரு பெருநாள் லீவு முடிந்தும் பாஸ்வர்டை மறந்துவிட்டு எனக்குப் போன் போடுவார். முதலில் "பசியாறிட்டியா தம்பி" என்பார். அப்புறம் திட்டு ஆரம்பிக்கும்.

அதே தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, அங்கேயே கிராணியாக உட்கார்ந்தவர். வயதான அம்மாவோடு அதே லயத்தில்தான் குடியிருந்தார். ஒரு தடவை லயத்துக் கோயில் அம்மன் பேரை முழுசாகப் பாஸ்வர்டாக வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எட்டு எழுத்தோடு நின்றுவிடும் அக்கா, வேறு ஏதாவது வையுங்கள் என்றேன். போனிலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி பேர பாதியில வெட்டச் சொல்றியே, உனக்கே இது நல்லா இருக்கா தம்பி?"

மூன்று தடவை

இந்தப் பூட்டு செத்துப்போன பூட்டு என்று எங்கள் மேனேஜர் குணசேகரனிடம் நான் சொல்லாத நாளில்லை. நம் மெஷின் பாஸ்வர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. பாஸ்வர்டைச் சாவியாக்கி, ஆளுடைய யூசர் பேரைப் பூட்டி, அந்தப் பூட்டிய பேரை மட்டும் ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு அது போதும். இப்போது கேம் விளையாடுகிற பிள்ளைகள் வாங்குகிற கம்ப்யூட்டரே எட்டு எழுத்துச் சாவிகளை மளமளவென்று போட்டுப் பார்த்துவிடும். மெஷினிலேயே இதைவிடக் கெட்டியான புதுப் பூட்டு முறை சும்மா கிடக்கிறது. மாற்றலாம் சார் என்றால் தலையை ஆட்டுவார், கையெழுத்துப் போட மாட்டார்.

மூன்று தடவை தப்பாக அடித்தால் மெஷின் ஆளை வெளியே தள்ளிவிடும் என்பதுதான் அவருடைய தைரியம். ஐயா, அது வாசலில் நிற்கிற காவல். ஃபைலையே காப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனை யார் எண்ணுவது? அந்த ஃபைலின் காப்பி ஒன்று, வெளியாட்கள் வந்துபோகிற டெஸ்ட் மெஷினில் திறந்த வீடாகக் கிடந்தது. அதையும் சொன்னேன்.

"இத்தன வருசம் ஒன்னும் ஆகல லா. நீ சும்மா பயமுறுத்தாத," என்றார்.

வெளியேறியவர்கள்

அக்காவின் தோட்டத்தை அழித்து வீடமைப்புக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. லயத்தில் இருப்பதாக மெஷினில் பதிவாகியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்று வீடு. ஒருநாள் காலையில் பார்த்தால், ஒரு லயம் பூராவும் 'தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள்' என்று மாறிக் கிடக்கிறது. உள்ளே அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிறார்கள், மெஷின் மட்டும் ஆளே இல்லை என்கிறது. மாற்றிய ஆள் யார் என்று தேடினால் பரமேஸ்வரி அக்காவின் யூசர் பேர்.

உன் பாஸ்வர்ட் உனக்கு மட்டும்தானே தெரியும் என்று ஒரே கேள்வியில் அக்காவை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் வீட்டுப் பதிவையும் சேர்த்துத்தான் எவனோ மாற்றியிருந்தான், அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆபீஸ் பேச்சு அன்றைக்கே லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எவனிடமோ கைநீட்டி வாங்கிவிட்டாள் என்று பேசினார்கள். அன்றைக்குப் போனில் அக்கா பசியாறினாயா என்று கேட்கவில்லை.

"எனக்குத் தொட்டில் கட்டுன லயம் தம்பி. அந்தச் சனங்கள நானே தெருவுல விடுவேனா?"

சாத்திய கதவுகள்

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் அக்காவின் அம்மா தவறிவிட்டார். தோட்டத்தில் ஒரு சாவு என்றால் அந்த லயத்தில் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். பாடை கட்டுவதும் தோள் மாற்றித் தூக்குவதும் லயத்து ஆம்பிளைகள்தான். கூலிக்கு ஆள் வைப்பதென்பது பெரிய கேவலம்.

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்துக் கதவு அத்தனையும் சாத்திக் கிடந்தது. தூக்குவதற்கு வீட்டுக்குள் அக்காவின் தம்பியும், டவுனிலிருந்து வந்த சவ வேன் ஆட்கள் இரண்டு பேரும் மட்டும். நாலாவது தோள் என்னுடையது. அந்தக் கிழவி அத்தனை லேசு. நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். வெளியே வேன் டிரைவர் காலி வாசல்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்னாண்ணே, இந்த லயத்துல ஆளுங்களே இல்லையா?"

நசீரின் கம்ப்யூட்டர்

மறுநாள் மேனேஜர் மேசையில் ஓங்கித் தட்டினேன். வேலை போனால் போகட்டும் என்றாகிவிட்டது. அவரும் பயந்துபோய், வெளியிலிருந்து பூட்டைச் சோதிக்கிற ஆளைக் கூப்பிட ஒத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து நசீர் வந்தார். அவருடைய அத்தா பாசார் சந்தைப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். திறந்து கிடந்த அந்த ஃபைலைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, நுரைக்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக், குடித்தார். பாஸ்வர்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் விழ ஆரம்பித்தன. முருகன், மாரியம்மா, பேரப்பிள்ளைகள், அழிந்துபோன தோட்டங்கள். அக்காவுடையதும் விழுந்தது. இந்த ஃபைல் எவன் கையில் இருந்தாலும் அவன் அக்காவாக உள்ளே போயிருக்கலாம்.

குணசேகரன் சாருடைய பாஸ்வர்டும் வந்து நின்றது, ஒரு ஆண்பிள்ளைப் பேர். அவர் முகம் மாறியதும் நசீர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். சார் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

"எம்மவன் பேரு. போய்ச் சேந்துட்டான். மூடிருங்க தம்பி."

காலந்தாழ்ந்த கூட்டம்

பூட்டை அந்த வாரமே மாற்றினோம். எல்லாரையும் புதுப் பாஸ்வர்ட் போட வைத்தோம். இனி எட்டு எழுத்து இல்லை, நீளமாக ஒரு வாக்கியமே வைக்கலாம். பழைய பதிவுகளைத் திரும்ப ஏற்றியதும் லயத்துக்கு வீடும் உறுதியானது. செய்தவன் யாரென்று இன்னும் தெரியவில்லை. அக்கா மேல் தப்பில்லை என்கிற கம்பெனிக் கடிதத்தை நானே கெர்லிங்குக்குக் கொண்டுபோனேன்.

எனக்கு முன்னாலேயே சேதி போய்விட்டது. வாசல் நிறைய ஆட்கள், கையில் பழமும் வெற்றிலையும். ஒரு பெரியவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா யாரையும் ஏசவில்லை. எல்லாரையும் உட்காரச் சொன்னார், தே கலக்கி அவரே கொண்டுவந்து கொடுத்தார். கடைசிக் கிளாசையும் கொடுத்துவிட்டு, வந்திருந்த ஆம்பிளைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்ப வந்துட்டீங்க, சந்தோசம். எங்கம்மாவ அன்னைக்கு யாருண்ணே தூக்குனது?"

ஒரு பூட்டை மாற்ற எங்களுக்குச் சில நாள் வேலைதான், அதற்கு மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குவதற்குள் ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிடுகிறது.