முதுகு தடித்த கொடுவாள்

வெளி வேலைக்கு எடுத்துச் செல்லும் வெட்டுக்கத்தியின் முதுகு தடித்திருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அடுப்படிக் கத்தி மெல்லியதாகவே இருக்கட்டும். வெங்காயமும் தக்காளியும் அதை எதிர்த்து நிற்பதில்லை. வேலிக்காத்தான் நிற்கும். சீமைக்கருவேலம் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அந்த முள்மரத்தின் முற்றிய கிளையில் மெல்லிய அலகு பட்டால் துள்ளித் திரும்பும், அல்லது நெளியும். துள்ளிய அலகு எங்கே வந்து விழும் என்பது வெட்டுகிறவர்களின் முழங்காலுக்குத் தெரியும். தடித்த அலகு தன் எடையோடு இறங்கும். இறங்கிய இடத்தில் மரத்தை இரு பக்கமும் ஒதுக்கிவிட்டு நிற்கும்.

என்னுடையது பழைய லாரியின் வில்பட்டையில் அடித்த கொடுவாள். பாலக்கோட்டில் வாங்கினேன். அதன் முதுகு என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். மூக்கு சற்றே வளைந்தது. வெட்டிய முள்கிளையைக் கையால் தொடாமல் அந்த மூக்காலேயே இழுத்துப் போடலாம். நான் புரட்டிப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், "வூட்டுக்காரர வரச் சொல்லுங்கம்மா. வெயிட்டு உங்களுக்குத் தாங்காது" என்றார்.

"எங்க வூட்டுக்கு வூட்டுக்காரரே நான்தாங்க. வெலயச் சொல்லுங்க" என்றேன்.

அது உண்மையும்கூட. நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை கல்லூரியில் தாவரவியல் கற்பித்தேன். பென்னாகரம் போகும் வழியில் உள்ள நிலத்தை என் தந்தையார் தம் கையாலேயே எனக்கு எழுதிவைத்தார். பட்டா என் பெயரில் இருக்கிறது. கேழ்வரகும் அவரையும் போடுகிறேன். கிணற்றடிப் பக்கம் வேலியாக நின்ற வேலிக்காத்தான் உள்ளே நுழைந்து பயிரை மூடத் தொடங்கியதால்தான் கொடுவாள் வாங்கினேன்.

அதை நான் ஒளித்து எடுத்துச் சென்றதில்லை. உடன் வருகிறவர்களின் பாதுகாப்புக்காக அலகின் மேல் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றியிருப்பேன். என்ன பொருள் என்பது பார்த்தால் தெரியும், தெரியட்டும். ஒருநாள் பென்னாகரம் பேருந்தில் நடத்துநர் கேட்டார்: "என்னங்கம்மா, காலங்காத்தால யாரு கூட சண்டைக்கு?"

"வேலி கூடப்பா. டிக்கெட்டக் குடு."

பேருந்து முழுக்கச் சிரித்தது. யாரோ கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். மறுநாளே அது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. கீழே, 'காலேஜ் மேடம் ரவுடி ஆயிட்டாங்க' என்று ஒருவர் எழுத, இருபது பேர் சிரித்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் தம் மகனுடன் காரில் வந்து இறங்கினார்.

"பேத்திக்கு மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம்" என்று ஆரம்பித்தார். "பொண்ணு பாக்க வர்றவங்க இத்தப் பாத்தா என்ன சொல்லுவாங்க? படிப்பு சொல்லிக்குடுத்தவங்கன்னு ஊரே உன்னக் கும்பிடுது. நீ கொடுவாளத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல நிக்கற."

"கும்பிடறவங்க கொடுவாளோடயும் கும்பிடறாங்கண்ணா."

அவர் காபியை வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார். "அந்த வேலிய உன்னால வெட்டி முடிக்க முடியாதும்மா. பொம்பள கையி, அதுலயும் இந்த வயசு. நெலத்தப் பையங்கிட்ட குத்தகைக்கு வுட்டுடு. அவன் பாத்துக்குவான்."

குத்தகை என்ற பெயரில் உறவுக்குள் போன நிலம் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. அவர் மானத்தைப் பற்றிப் பேச வரவில்லை என்பது புரிந்தது. நிலத்தில் போய் நின்று பேசுவோம் என்றேன். கொடுவாளை எடுத்துக்கொண்டு அவர்களுடைய காரிலேயே சென்றேன்.

வேலியில் பாதியை அதற்குள் வெட்டியிருந்தேன். மறுபாதி முள்ளாக நின்றது. அண்ணன் மகன் காரின் பின்பக்கத்திலிருந்து தன் கத்தியை எடுத்தான். ஒகேனக்கல் பக்கம் நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்குவதற்காக ஆன்லைனில் வாங்கியதாம். கறுப்பு அலகு, முதுகில் ரம்பப்பல், கைப்பிடியில் திசைகாட்டி.

"கெணத்துக்குப் போற தெச தெரியாம போயிடும்னு வாங்கினியா?" என்றேன்.

"கிண்டல் பண்ணாதீங்கத்தே" என்று சிரித்தான். நல்ல பிள்ளை. ஓங்கி வெட்டினான். அலகு துள்ளியது. மறுபடி வெட்டினான், துள்ளிய அலகு காலுக்கு அருகே வந்தது. காலைப் பார்த்துக்கொண்டான்.

"உங்களுதக் குடுங்கத்தே."

வெட்டும் பொருளை எங்களில் கைக்குக் கை கொடுப்பதில்லை. தரையில் வைத்தேன். குனிந்து எடுத்துக்கொண்டான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே வெட்டினான். கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? நீ இத்தன நாளா மல்லுக்கட்டுனத அவன் எப்படி சாய்க்கறான் பாரு. இதுக்குத்தான் ஆம்பள கையி வேணுங்கறது."

வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த மகன் கொடுவாளைப் புரட்டிப் பார்த்தவாறே சொன்னான்: "அதில்லீங்கப்பா. இதுல பலமே போட வேண்டியதில்ல. தூக்கி வுட்டா அதுவே எறங்குது. நம்ம அம்மாகூட வெட்டிரும்."

சொல்லி முடித்த பிறகே தந்தையின் முகத்தைப் பார்த்தான்.

"கேட்டுக்கண்ணா. உம் மவனே சொல்றான்" என்றேன்.

"படிச்சவகிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்றார். பிறகு, "ஊரு பேசுமே, அதுக்கு என்ன பண்ணுவ?"

"ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

என் பெயரை நான் சம்பாதித்தேன். அதன் மதிப்பு என்னைவிட வேறு எவருக்கும் கூடுதலாகத் தெரிந்திருக்க வழியில்லை. தன் நிலத்து வேலியைத் தானே வெட்டுவதால் குறைந்துபோகிற மரியாதை குறைந்தே போகட்டும்.

மகன், மிச்சத்தையும் தானே முடித்துத் தருவதாகச் சொன்னான்.

"கூலிக்கு வர்றதா இருந்தா வா. குத்தகைக்கு இல்ல."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. தம் மகனைக் கூலி என்று சொன்னேன் என்று உறவில் பல வீடுகளில் சொல்லியிருக்கிறார். சொன்னது உண்மைதான், அச்சொல்லை நான் திரும்பப் பெறுவதாக இல்லை.

மிச்ச வேலியை நானே வெட்டி முடித்தேன். வெட்டிய முள்ளைக் கொளுத்திய இடத்தில் இப்போது அவரை பூத்திருக்கிறது. அண்ணன் அதன்பின் என் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் காபி உண்டு. நிலத்தைப் பற்றிப் பேச வந்தால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.