தெற்கு ஜன்னலின் வலது பாதி

மண் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குள் போகிறாள் ஹில்க்கா. குளிர்காலம் முழுக்கப் பால்கனியில் கிடந்து கல்லாய் இறுகிய மூட்டை. கீழ்ப் பலகையில் அதை ஒரு விருந்தாளியைப் போல் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, மேல் பலகையில் தான் ஏறிக்கொள்கிறாள். "அதுவும் உருகட்டும், நானும் உருகுறேன்." ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வரும்போது மூட்டை தளர்ந்திருக்கும், அவள் முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருக்கும்.

அப்படியென்றால் பிப்ரவரி மூன்றாம் வாரம் என்று அர்த்தம். கயானி நகரத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் சிற்றூரில் முற்றத்துப் பனி இடுப்பளவு நிற்கும். ஆனால் வெளிச்சம் திரும்பிவிட்டிருக்கும். கூரை விளிம்பில் தொங்கும் பனி ஈட்டிகள் மத்தியானம் மட்டும் சொட்டும்.

நானும் அவளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இருவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. இப்போது ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கிறோம். ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டியை அவள் ஓட்டுகிறாள். விடியுமுன் கிளம்பி, பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் பாதையைத் திறந்துவிட்டு, பதினொரு மணிக்கு வீடு திரும்புவாள். மீதிப் பகல் இரண்டு வேலைகளுக்கு: விதைக்கு, ஒட்டுத்துணிப் போர்வைக்கு. இரண்டையும் ஒரே மேசையில் செய்வாள். துணியில் மண் இருக்கும், மண்ணில் நூல் இருக்கும்.

பால் அட்டைப் பெட்டிகளைப் பாதியாக வெட்டி மண் நிரப்புவாள். முதலில் லீக் வெங்காயமும் பான்சிப் பூவும். மார்ச் பிறந்தால் தக்காளி. எந்தப் பெட்டியிலும் பெயர் எழுதமாட்டாள். போர்வைக்கு வெட்டியதில் மிஞ்சிய துணுக்கைப் பல்குத்தும் குச்சியில் கொடிபோலக் குத்தி நட்டுவிடுவாள். சிவப்புக் கட்டம் போட்ட துணி என்றால் தக்காளி, வெள்ளைப் புள்ளி என்றால் லீக். "எழுதினா தண்ணி பட்டுக் கரைஞ்சிரும். பூப்போட்ட துணி கரையுமா?" எது எதுவென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போர்வையிலும் அவள் வழி தனி வழிதான். அக்காவின் கோடை கவுன், சமையலறையின் பழைய திரை, தேவாலய விற்பனையில் கிடைத்த மேசை விரிப்பு என்று கிடைத்ததையெல்லாம் சதுரமாக வெட்டித் தரையில் பரப்புவாள். பிறகு கம்பளிக் காலுறையோடு கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் மெல்ல நடப்பாள். "கால் எங்க தயங்குதோ, அந்தத் துண்டு தப்பான எடத்துல இருக்கு." நான் சிரித்தால் கோபித்துக்கொள்வாள். ஆனால் அவள் மாற்றி வைத்த பிறகு பார்த்தால், அதுவரை தெரியாத ஏதோ ஒரு நெருடல் தீர்ந்துபோயிருக்கும்.

பகல் பன்னிரண்டுக்கு, பட்டாணி சூப் குடித்துவிட்டு, முடியாத போர்வையையே இழுத்துப் போர்த்திக்கொண்டு சோபாவில் தூங்குவாள். குண்டூசிகள்கூட அதில் இருக்கும். அந்த நேரத்து வெளிச்சம் வானத்திலிருந்து வருவதில்லை. வெளியே கிடக்கும் பனியில் பட்டு, கீழிருந்து மேலே ஏறி வரும். நாற்றுகளின் நிழல் தரையில் விழாமல் கூரையில் விழும். இரண்டே இலை விட்ட குருத்துகள் தலைக்கு மேலே காடாக அசைய, அதன் அடியில் அவள் தண்ணீருக்குள் கிடப்பவளைப் போல் உறங்குவாள். சர்க்கரை கேட்கப் போன நான் எத்தனையோ தடவை அதைப் பார்த்து நின்றுவிட்டு, கேட்காமலே திரும்பியிருக்கிறேன்.

அந்த ஜன்னல் திண்டில் வலது பாதி அவளுடையது அல்ல. அது ரெய்யோவுடையது. ரெய்யோ அவளுடைய முன்னாள் கணவன். ஒன்பது வருடத்துக்கு முன் பிரிந்து, முற்றத்துக்கு எதிரே உள்ள கட்டடத்தில் இருக்கிறான். சண்டை என்று ஒன்றும் இல்லை. "அவன் எந்திரிக்கும்போது நான் வேலையில இருப்பேன். அவன் பேச வரும்போது நான் தூங்கியிருப்பேன். இதுக்கு எதுக்கு ஒரே சாவி?" என்றாள் அப்போது.

ரெய்யோவின் வீடு வடக்குப் பார்த்தது. ஜனவரியில் குளிர்பெட்டியின் தலைமேல், அதன் வெதுவெதுப்பில் வைத்து மிளகாய் விதையை முளைக்க வைத்துவிடுவான். முளைத்த பின் வெளிச்சத்துக்கு எங்கே போவான்? பிப்ரவரிக் கடைசியில் பிள்ளைகள் சறுக்கும் பிளாஸ்டிக் வண்டியில் பெட்டிகளை அடுக்கி, மேலே கம்பளி போர்த்தி, முற்றத்தைக் கடந்து இழுத்து வருவான். மே மாதக் கடைசி வரை தினமும் ஒரு நடை வந்து தண்ணீர் ஊற்றுவான், காபி குடிப்பான், போவான். அவள் துணியை விட்டுக் கண்ணெடுக்காமல் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் அவன் வரவில்லை.

மார்ச் முதல் வாரம் போனது. தக்காளிப் பெட்டிகள் இடது பாதியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வலது பாதி துடைத்து வைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது. "கொஞ்சத்தை அந்தப் பக்கம் வெச்சுத் தொலையேன், எடம் சும்மாத்தானே கெடக்கு," என்றேன். "கெடந்தா கெடக்கட்டும், ஐலா. ஜன்னலுக்கு என்ன கை வலிக்குதா?" என்றாள். அன்று கத்தரித்த சதுரங்கள் எல்லாமே கோணலாக வந்தன.

இரண்டு நாள் கழித்துக் காரணம் தெரிந்தது. அதிகாலையில் வண்டியை எடுக்கப் போனவள் ரெய்யோவின் ஜன்னலில் ஊதா வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறாள். செடி வளர்க்கும் மின்விளக்கு.

"அவன் வீட்ல டிஸ்கோ நடக்குது," என்றாள் என்னிடம். "மிளகாய்ங்க எல்லாம் ஆடுது."

அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அந்த வாரம் மூன்று முறை பனி கொட்டியது. மூன்று முறையும் ரெய்யோ கட்டடத்தின் வாசல் வழிக்குக் குறுக்கே, ஆள் மார்பளவுக்கு, அழகான ஒரு பனிக் கரை எழுந்து நின்றது. பக்கத்துக் கட்டடங்களுக்கு முன்னால் அப்படி எதுவும் இல்லை. நான் கேட்டேன். "பனி எங்க விழணும்னு அதுக்கே தெரியும்," என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெய்யோ வந்தான். நான் மேசையில் சதுரங்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் தையல் மெஷினில் இருந்தாள்.

"ஏம்மா, நான் என்ன கரடியா? என்னை ஏன் பனிக்குள்ள போட்டு மூடுறே?"

மெஷின் நிற்கவில்லை. "நீ ஏன் வெளியே வரணும்? உள்ளேயே சூரியன் வெச்சிருக்கியே."

அவன் காலணியைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் காலியான திண்டையே பார்த்தான்.

"நீதானே சொன்னே. போன மே மாசம், கடைசிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போறப்ப. 'அப்பாடா, ஒழிஞ்சுது, இவன் மிளகாய் என் தக்காளியோட வெளிச்சத்தையெல்லாம் தின்னுடுச்சு'ன்னு."

அவள் மெஷினை நிறுத்தினாள். "அதை ஒன்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்யா! ஒரு தடவையாவது காதுல போட்டுக்கிட்டியா?"

"இப்பத்தானே போட்டிருக்கேன்," என்று ரெய்யோ கம்பளித் தொப்பியைக் கழற்றினான்.

இரண்டு காதுக்குள்ளும் பட்டாணி அளவில் ஏதோ இருந்தது. மரமறுக்கும் ஆலையில் முப்பத்தொரு வருடம் ரம்பத்தின் பக்கத்தில் நின்றவன். காது கேட்கும் கருவியை அந்த மே மாதம்தான் மாட்டியிருக்கிறான். கிழவன் என்று கேலி செய்வாள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

"அதுக்கு முன்னாடி நீ என்ன சொல்றேன்னு எனக்கு எங்க கேட்டுச்சு? உரக்கப் பேசினா கேக்கும். துணிக்குள்ள தலையை வெச்சுக்கிட்டு நீ என்னமோ முனகுவே. நீ பாடுறேன்னு நெனச்சேன்." தொப்பியைக் கையில் உருட்டினான். "நான் வந்தா பாடுறாளேன்னு நெனச்சேன்."

வெளியே பனி ஈட்டி ஒன்று ஒடிந்து விழுந்தது. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அந்தச் சத்தம்கூட அவனுக்குப் புதிதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"வெளக்கு எப்படி?" என்று கேட்டாள் கடைசியில்.

"நல்ல வெளக்குதான். செடி முழங்கால் உயரம் வந்தாச்சு. ஆனா அந்த வெளிச்சத்துல ரொட்டி ஊதா, வெண்ணெய் ஊதா, என் கை ஊதா. செத்தவன் கை மாதிரி இருக்கு. சாப்பாடு எறங்கல."

ஹில்க்கா சிரிக்கவில்லை. அவளுடைய கழுத்து மட்டும் சவுனாவிலிருந்து வந்த நிறத்துக்குச் சிவந்தது. கையில் அகப்பட்ட இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து மிதியை முழுக்க அழுத்தினாள். பழைய இரும்பு மெஷின் மேசையோடு சேர்ந்து அதிர்ந்தது. காபிக் கோப்பைகள் கிணுகிணுத்தன.

ரெய்யோவின் முகம் சுளித்தது. கருவியைக் கழற்றிவிடுவதற்காக இடது காதுக்குக் கையைக் கொண்டுபோனான்.

அவன் விரல் காதைத் தொடுவதற்குள் அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். குனிந்து, சுவரிலிருந்து வயரை உருவி மெஷினுக்கு அடியில் சுருட்டி வைத்தாள். இணைந்தும் இணையாமலும் இருந்த துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு, டப்பாவில் துழாவி ஓர் ஊசியை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, நூல் நுனியை உதட்டில் நனைத்து, அதன் காதில் மெதுவாகக் கோத்தாள்.